சுதர்ஷன் நிறுத்திய இடம்

பேயை நம்பாதவர்கள்கூட, திருமூர்த்தியின் குரல் நின்றதும் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள். அவர் பேசும்போது யாரும் திரும்பியதில்லை.

அவர் அதைத் தற்செயலாகத்தான் கண்டுபிடித்தார். பண்பலை வானொலியில் ஜவுளிக்கடை விளம்பரம் வாசித்துக்கொண்டிருந்தவர், வேலை போன பிறகு கோவையில் ஒரு வாடகை அறையின் சுவரெல்லாம் பழைய மெத்தைகளை ஆணியடித்து, 'அடுத்த அறை' என்ற திகில் பாட்காஸ்ட்டைத் தொடங்கினார். ஆரம்பத்தில் ஒரு கதையில், பூட்டிய கதவின் முன்னால் ஒரு பெண் நிற்கும் இடத்தில், தன் மூச்சுச் சத்தத்தை வெட்ட மறந்துவிட்டார். கேட்டவர்கள் எழுதித் தள்ளினார்கள். பேய் வந்ததெல்லாம் சரி, அதற்கு முன்னால் ஒருவர் மூச்சு விட்டாரே, அவர் யார்?

அதன்பிறகு கதைகளில் பேய் குறைந்தது. இடைவெளிகள் நீண்டன.

பிற்பாடு ஒரு கம்பெனி அவருடைய குரலையும் கதைகளையும் எடுத்துக்கொண்டபோது அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். நம் ஆட்களுக்குக் கதை சொன்னால் அவர்கள் 'ம்' கொட்டுவார்கள். 'ம்' வராவிட்டால் சொல்பவருக்கு நாக்கு எழாது. அந்த 'ம்' பாட்காஸ்ட்டில் இல்லை, அதைக் கொண்டுவர முடியுமா என்றார். கம்பெனி கொண்டுவந்தது. அதற்கென்றே ஒரு இயர்பட் செய்தார்கள். காதுக்குள் இருந்தபடி அது கேட்பவரின் நாடித்துடிப்பையும் மூச்சையும் உணரும். கதை ஏதோ ஓரிடத்தில் நிற்கும். கேட்பவர் மெல்ல 'ம்' என்றால் நகரும். சொல்லாவிட்டால் அங்கேயே காத்திருக்கும். அந்தக் காத்திருப்பில் முதுகுக்குப் பின்னால் ஒருவர் மூச்சு விடுவது கேட்கும்.

அந்த மூச்சு எங்கிருந்து வருகிறது என்று நஸ்ரினிடம் ஒருமுறை கேட்டார். ஒலி வேலை முழுவதும் அவளுடையது. "தொழில் ரகசியம் சார்" என்று சிரித்தாள். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்காமல் விடுவது அவருக்கு எப்போதுமே சுலபமாக வந்தது.

பேருந்திலும் தறிப்பட்டறையிலும் ரேஷன் கடை வரிசையிலும் மனிதர்கள் தங்களுக்குள் 'ம்', 'ம்' என்று சொல்லிக்கொண்டு நின்றார்கள். பார்க்கிறவர்களுக்கும் பழகிவிட்டது.

கோகிலவாணி அந்தக் கம்பெனியின் அலுவலகத்துக்கு வந்தது ஆடி மாதம் பிறந்த புதிதில், ஒரு முற்பகல். வரவேற்பறை சோபாவின் நுனியில், உட்கார்ந்தும் உட்காராமலும் இருந்தாள். மடியில் ஒரு ஒயர் கூடை.

"நீங்கதானுங்களா அந்தக் கதைக்காரரு?"

"ஆமாங்க. திருமூர்த்தி."

"திருப்பூர்ல இருந்து வர்றனுங்க. உங்க கதையை முடிச்சு வெக்கோணும். அதைக் கேக்கத்தான் வந்தேன்."

"எந்தக் கதைங்க?"

"அதெனக்குத் தெரியாதுங்க. எம்பட வூட்டுக்காரரு கேக்கறாரு. பொழுதுக்கும் கேக்கறாரு. சோறு கொண்டு போய் வெச்சா அப்படியே காஞ்சு கெடக்குது. உங்க கதை கேட்டா எல்லாரும் பயப்படுவாங்கன்னாங்க. இவரு பயப்படவும் மாட்டேங்கறாரு. கல்லாட்டம் உக்காந்திருக்கறாரு. பயந்தாலாவது எந்திரிச்சு ஓடியாருவாரு."

அவர் சிரிக்கப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

"எம்பட பையனுங்க, சுதர்ஷன். காலேஜ் ரெண்டாவது வருசம். வைகாசில போயிட்டான். ஊருக்கு வெளிய பாறைக்குழி, மழைத்தண்ணி நின்னிருந்துச்சு. பசங்களோட குளிக்கப் போனான்." கூடையின் பிடியை ஒரு சுற்று சுற்றினாள். "அவந்தானுங்க உங்க கதைக்குப் பைத்தியம். சோத்துத் தட்டு முன்னால உக்காந்துட்டு ம், ம்னுட்டிருப்பான். நான் கொழம்பு ஊத்தச் சொல்றானாக்கும்னு ஊத்திட்டே இருப்பேன். அப்புறம் தட்டைப் பாத்துட்டுக் கத்துவான்."

இப்போது அவள்தான் லேசாகச் சிரித்தாள்.

"அன்னைக்கு அந்தக் காதுல மாட்டற சாமானை மேசை மேல வெச்சுட்டு, வந்து கேட்டுக்கறேன்னு போனான். எரிச்சுட்டு வந்த மறுநாள் இவரு அதை எடுத்து மாட்டுனாரு. அதோட சரி. கழட்டறதில்ல. பேசறதில்ல. அஸ்தி இன்னும் மின்மயானத்துலயே கெடக்குதுங்க. கூடுதுறை ஆத்துல கரைக்கோணும். அப்பன் கையாலதான் கரைக்கோணும். 'அக்கா, எப்ப வந்து எடுத்துக்கறீங்க'ன்னு அங்கிருந்து போன் மேல போன். எம்பட பையன் எவனோ பூட்டுற அலமாரில இருக்கறான். இவரு இங்க உக்காந்து கதை கேக்கறாரு."

"நீங்க அதை மாட்டிக் கேட்டுப் பார்த்தீங்களா?"

"கிட்ட விட மாட்டாருங்க. காதைக் காதோட ஒட்ட வெச்சுப் பாத்தேன். ஒரு சத்தமும் இல்ல. சத்தமே இல்லாத என்னத்தைக் கேக்கறாருன்னு எங்கண்ணன்கூட மண்டைக்கோளாறுங்கறான்."

அவர் போயிருக்க வேண்டியதில்லை. ஆனால் கேட்பவர் ஒருவர் தன் இடைவெளியிலிருந்து திரும்பி வராமல் போய்விட்டார் என்பது அவரைத் தொந்தரவு செய்தது. அன்றைக்கே காரில் அவளோடு திருப்பூருக்குப் போனார்.

கீழ்த்தளத்தில் தையல் யூனிட். அவள் கணவர் மயில்சாமியுடையதுதான். இப்போது மைத்துனர் பார்த்துக்கொள்கிறார். மெஷின் சத்தத்தைப் படிக்கட்டிலேயே காலில் உணர முடிந்தது. மாடியில் ஓர் அறையின் ஜன்னல்கள் சாத்தியிருந்தன. சத்தம் உள்ளே வராமலிருக்கக் கதவிடுக்கில் பனியன் துணிக்கழிவைத் திணித்திருந்தார்கள். மகனுடைய கட்டிலில், ஆஜானுபாகுவான மனிதர் ஒருவர் சட்டையில்லாமல் உட்கார்ந்திருந்தார். தாடி வளர்ந்திருந்தது. கண்கள் திறந்துதான் இருந்தன.

"நான் திருமூர்த்திங்க. 'அடுத்த அறை'ல பேசறவன்."

மயில்சாமி ஒரு காதிலிருந்து மட்டும் இயர்பட்டை எடுத்தார். "கொரலு அப்படியேதான் இருக்குது" என்றார். வெகுநாள் பேசாத தொண்டை கரகரத்தது. "உக்காருங்க."

"என்ன கதைங்க ஓடுது?"

"கெணத்துமேட்டு வூடு."

"எந்த இடம்?"

"அந்தப் புள்ள கதவு முன்னால நிக்குது."

"தெறக்கறதுக்கு முன்னாடியா?"

"முன்னாடிதான்."

திருமூர்த்தி தொண்டையைச் செருமிக்கொண்டார். ஒரே ஒருவருக்காக, மைக் இல்லாமல், அந்தக் கதையின் மீதியைச் சொன்னார். கதவு திறக்கிறது. உள்ளே யாருமில்லை. சுவரில் சாய்ந்த ஒரு நாற்காலி, அதில் உட்கார்ந்தவரின் சூடு மட்டும். அந்தப் பெண் நாற்காலியைத் தொட்டுப் பார்க்கிறாள். பிறகு வெளியே வந்து, பூட்டாமல், நடந்து போய்விடுகிறாள். அவர் அந்தக் கதையை அவ்வளவு நன்றாக ஒருநாளும் சொன்னதில்லை. எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கெல்லாம் நிறுத்தினார். ஒரு இடத்திலும் மயில்சாமியிடமிருந்து 'ம்' வரவில்லை.

"அவ்வளவுதாங்க. கதை முடிஞ்சுது."

"நல்லாச் சொல்றீங்க" என்றார் மயில்சாமி மரியாதையாக. இயர்பட்டைத் திரும்பக் காதில் வைத்துக்கொண்டார்.

"முடிஞ்சுதுங்களே. இன்னும் என்ன கேக்கறீங்க?"

மயில்சாமி அவரை ஒரு குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "நீங்க பேசறது எனக்கு வேண்டாமுங்க. நீங்க நிறுத்தறதுதான் வேணும்."

எத்தனையோ பேர் எழுதிய பாராட்டெல்லாம் இந்த ஒரு வாக்கியத்துக்கு உறை போடக் காணாது என்று திருமூர்த்திக்கு ஒரு கணம் தோன்றியது. அடுத்த கணமே, எதிரில் அழிந்துகொண்டிருக்கும் ஒரு மனிதனை வைத்துக்கொண்டு தனக்கு இப்படித் தோன்றுகிறதே என்று கூசினார். அந்தக் கூச்சத்தில், மயில்சாமி சொன்னது பாராட்டே அல்ல என்பதை யோசிக்கத் தவறினார்.

சமையலறையில் கோகிலவாணி சுவரோடு சாய்ந்து நின்றாள். "என்னங்கறாரு?"

"அவரா வெளிய வரமாட்டாருங்க. நாமதான் மூடணும். அந்த இயர்பட்டுக்குக் கம்பெனில ஒரு கணக்கு இருக்குது, அதையே எடுத்துட்டா ஒண்ணும் வராது."

"மூடுங்க."

"சண்டை போடுவாரு."

"போடட்டும். அடிக்கட்டும். அந்தக் கட்டிலை விட்டு எந்திரிச்சு வந்து அடிச்சாப் போதுமுங்க எனக்கு. மூடறதுக்கு நல்ல நேரமா பாக்கோணும்? மூடுங்க."

படிக்கட்டில் நின்று நஸ்ரினை அழைத்தார். கணக்கு யார் பேரில் என்று சொன்னார். நஸ்ரின் தயங்கினாள். காரணம் பதியாமல் மூடினால் மேலே கேட்பார்கள் என்றாள். "நான் சொல்றேன்னு போட்டுக்கோ. இப்பவே மூடு" என்றார். அந்தக் கம்பெனியில் அவர் குரலுக்கு மறுபேச்சு கிடையாது.

கோகிலவாணி காபி கொண்டுவந்தாள். அவள் நடையே மாறியிருந்தது. மின்மயானத்துக்கு அவளே போன் செய்தாள். "நாளைக்குக் காலைல வந்தர்றமுங்க. ஆமாங்க, அவுங்கப்பாவும் வர்றாரு." பீரோவைத் திறந்து கரைவேட்டி ஒன்றை எடுத்து, மேசையில் போர்வை விரித்து இஸ்திரி போடத் தொடங்கினாள். கூடுதுறையில் படித்துறை வழுக்குமா, அண்ணனையும் கூட்டிப் போவதா என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். திருமூர்த்தி காபியைக் குடித்துவிட்டு விடைபெற்று இறங்கினார். பாதிப் படியில் போன் அடித்தது.

"சார்," என்றாள் நஸ்ரின், "அந்த மூச்சு யாரோடதுன்னு நெனச்சிட்டிருக்கீங்க?"

"எந்த மூச்சு?"

"கதை நிக்கறப்ப பின்னால கேக்குதே, அது."

"என்னோடதுதானே? இல்லைன்னா ஸ்டூடியோல எடுத்தது."

"இல்ல சார். உங்க மூச்சு ஜனங்களுக்குப் பழகிப்போச்சு, யாரும் பயப்படறதில்ல. அது கேக்கறவங்களோட மூச்சேதான். கதை ஓடறப்ப இயர்பட் அவங்க மூச்சைப் பதிஞ்சு வெச்சுக்கும். நின்னதும் அதையே கொஞ்சம் தள்ளி, முதுகுக்குப் பின்னால இருந்து வர்ற மாதிரி போடும். தன் மூச்சைத் தன்னால அடையாளம் கண்டுபிடிக்க முடியாது சார். ஆனா உடம்புக்கு என்னவோ தெரியும். அதான் சிலிர்க்குது."

மெஷின்கள் கீழே ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தன.

"கேக்கறவரு 'ம்'னு சொன்னா?"

"கதை நகரும். பழைய மூச்சு அழிஞ்சு புதுசு பதியும்."

"சொல்லலைன்னா?"

"அதே மூச்சு திரும்பத் திரும்ப ஓடிட்டே இருக்கும். அதைத்தான் சொல்ல வந்தேன். மூடச்சொல்லி அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு தடவை உள்ள பாத்தேன். அந்தக் கணக்குல கடைசி 'ம்' வைகாசில வந்திருக்கு. அதுக்கப்புறம் ஒண்ணுகூட இல்ல. ஆனா இயர்பட் அணையவே இல்ல. ஒண்ணு மாத்தி ஒண்ணைச் சார்ஜ் போட்டிருக்காங்க, ரெண்டையும் சேத்து ஆள் கழட்டவே இல்ல. எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. யாரு சார் அது?"

கதையைத் தொடங்கியது மகன். கதவின் முன்னால் நிறுத்திவிட்டுக் குளிக்கப் போனவன் மகன். அப்பா ஒரு சொல்லும் சொல்லாமல், 'ம்' என்ற ஓசைகூட வாயிலிருந்து தப்பிவிடாமல், இத்தனை நாளும் வாயை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

"நஸ்ரின், நிறுத்து. மூடாதே."

"வரிசைல போட்டாச்சு சார். வழக்கமா ராத்திரிதான் மொத்தமா அழிக்கும். தடுக்க முடியுதான்னு பாக்கறேன். வெச்சிருங்க."

அவர் மேலே ஏறினார். கோகிலவாணி வேட்டியின் இரண்டாவது மடிப்பில் இருந்தாள். அவர் சொன்னார். சுற்றி வளைக்கத் தெரிந்தவர்தான், ஆனால் நேராகச் சொன்னார். அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். சுவிட்சை அணைத்தாள்.

"சுதர்ஷனோட மூச்சா?"

"ஆமாங்க."

"அப்ப இவரு கதை கேக்கல."

"இல்லைங்க."

பாதி மடித்த வேட்டியைத் தள்ளி வைத்தாள். "எங்கிட்டச் சொல்லலியே" என்றாள். பிறகு, "சொன்னா நான் புடுங்கி மாட்டிக்குவேன்னு நெனச்சிருப்பாரு" என்றாள். அதில் கோபம் இல்லை.

அறைக்குள் போய்க் கட்டிலில் கணவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கட்டில் முனகியது. உள்ளங்கையை நீட்டினாள். மயில்சாமி அந்தக் கையையும், அவள் முகத்தையும், வாசலில் நின்ற திருமூர்த்தியையும் பார்த்தார். ஒரு இயர்பட்டைக் கழற்றி, வேட்டி முனையில் துடைத்து, அவள் கையில் வைத்தார். தன் வாயில் ஒரு விரலை வைத்துக் காட்டினார்.

அவள் அதைக் காதில் பொருத்திக்கொண்டு கண்களை மூடினாள். முதலில் முகம் எதையோ தேடியது. பின்பு தேடுவதை நிறுத்தியது.

"சளி புடிச்சிருக்குதுங்க இவனுக்கு" என்று கிசுகிசுத்தாள்.

மயில்சாமி தலையசைத்தார்.

"அன்னைக்கே சொன்னேன். கற்பூரவல்லி போட்டுக் கஷாயம் வெச்சுக் குடுத்தேன். நான் திரும்பறதுக்குள்ள சிங்க்ல ஊத்தீட்டுக் குடிச்சுட்டேங்கறான்."

"மூச்சு இழுக்கறப்ப கடைசில கீச்சுங்குது பாரு" என்றார் மயில்சாமி. உதடு அசைவதே தெரியாமல் பேசினார்.

"கேக்குது. சின்னதுல இருந்தே அப்படித்தான்."

அவர்கள் பேசிக்கொள்கிறார்கள் என்பதே திருமூர்த்திக்குப் பெரிய விஷயமாக இருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் இப்படி இருந்தால் போதும். இருவரும் சேர்ந்து அழுவார்கள். அழுது முடித்து, நாளைக்கு இல்லாவிட்டாலும் நாளை மறுநாள், அந்த வேட்டியை மயில்சாமி கட்டிக்கொண்டு புறப்படுவார். ராத்திரிக்குள் நஸ்ரின் தடுத்துவிட்டால் போதும்.

கோகிலவாணி கண்ணைத் திறந்து திருமூர்த்தியைப் பார்த்தாள். "அண்ணா, மூடீராதீங்க. நான் தெரியாமச் சொல்லிட்டேன். உங்க காலைப் புடிச்சுக் கேக்கறேன்."

அவர் கையிலிருந்த போன் அதிர்ந்தது. நஸ்ரினிடமிருந்து செய்தி.

'மன்னிச்சிருங்க சார். உங்க பேர் போட்டதால வரிசையில நிக்காம உடனே போயிருக்கு. நீங்க மொதல்ல போன் பண்ணி வெச்சீங்களே, அப்பவே அழிஞ்சிருச்சு. நான் உங்களைத் திரும்பக் கூப்பிடறதுக்கு முன்னாடியே. இப்ப அந்த இயர்பட்ல கதையும் இல்ல, மூச்சும் இல்ல. ஒண்ணுமே இல்ல.'

அவர் அதை மறுபடி படித்தார். அவள் காபி கொண்டுவந்தபோதே அழிந்துவிட்டது. போனில் நாளைக்கு வருகிறோம் என்று சொன்னபோதே, பீரோவைத் திறந்தபோதே. அவள் கட்டிலில் போய் உட்கார்ந்தபோது அங்கே கேட்பதற்கு எதுவும் இருந்திருக்கவில்லை.

"ஸ்ஸ்," என்று அவள் விரலை உயர்த்தினாள். "இப்ப இருமறான்."

"ஆமா" என்றார் மயில்சாமி.

பதிந்து வைத்த மூச்சில் இருமல் இருந்திருந்தால், இத்தனை நாளில் அது அவருக்குப் புதிதாக இருந்திருக்காது. ஆனால் மயில்சாமியின் முகம் புதிதாக ஒன்றைக் கேட்ட முகமாகத்தான் இருந்தது. திருமூர்த்திக்கு இது தெரியும். வேறெதுவும் தெரியாவிட்டாலும் இது தெரியும். ஆளில்லாத ஓர் இடத்தைக் காட்டிவிட்டு, பேச்சை நிறுத்திவிட்டு, போதுமான நேரம் காத்திருந்தால் கேட்பவர்கள் தாங்களே ஒருவரை அங்கே கொண்டுவந்து உட்கார வைத்துவிடுவார்கள். அவர் அதைக் கொண்டுதான் இத்தனை வருடம் சாப்பிட்டார். வந்து உட்கார்ந்தவரைத் திரும்ப எழுப்பி அனுப்புவது எப்படி என்று அவர் யோசித்ததே இல்லை. எல்லாக் கதைக்கும் ஒரு முடிவு இருந்ததால் அதற்குத் தேவை வந்ததில்லை. இதற்கு முடிவு இல்லை. 'ம்' என்று சொன்னால்கூட நகர்வதற்கு இனி கதை இல்லை.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார்.

சமையலறையில் கோகிலவாணியின் போன் அடிக்கத் தொடங்கியது. ஏதோ ஒரு சாமி பாட்டு, பெரிய சத்தத்தில். கட்டிலில் இருவரும் ஒரே நேரத்தில் முகம் சுளித்தார்கள்.

"அண்ணா, அதைக் கொஞ்சம் நிறுத்துங்களேன்" என்றாள் அவள், கண்ணைத் திறக்காமல். "இந்தச் சத்தத்துல ஒண்ணும் கேக்க மாட்டேங்குது."

அவர் சமையலறைக்குப் போனார். மேசைமேல், பாதி மடித்த வேட்டிக்குப் பக்கத்தில், போன் அதிர்ந்து நகர்ந்துகொண்டிருந்தது. திரையில் 'மின்மயானம்' என்று இருந்தது. நாளை எத்தனை மணிக்கு வருகிறீர்கள் என்று கேட்பதற்காக இருக்கும். எடுத்துப் பேச வேண்டும் என்று நினைத்தார். எதை எங்கிருந்து தொடங்கிச் சொல்வது என்று தெரியவில்லை. அழைப்பைத் துண்டித்தார். போனை முழுதாக அணைத்தார்.

திரும்பி வந்து வாசலில் நின்றார். மயில்சாமியின் தோளில் அவள் தலை சாய்ந்திருந்தது. இருவர் வாயும் இறுக மூடியிருந்தன. அவர் வந்த அரவம் கேட்டு அவள் மட்டும் மெல்ல உதட்டைப் பிரித்தாள்.

"இப்பத்தான் நல்லாக் கேக்குதுங்க" என்றாள்.